அல் கபோன் காலத்துச் சிகாகோவில் சாதாரணக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன?

கேட்கப்பட்டது இரண்டு விஷயம். 1920-களின் சிகாகோ என்றால் படங்களில் கள்ளமதுக் கும்பல் தலைவன் அல் கபோனும் துப்பாக்கியும்தான் வருகின்றன, நிஜத்தில் அங்கே ஒரு தொழிலாளி குடும்பத்தின் நாள் எப்படிப் போனது என்பது ஒன்று. 1907-இல் எழுதிய ஒரு தபால் அட்டையில் இருக்கும் சிகாகோ முகவரியை இன்றைய வரைபடத்தில் தேடினால் சம்பந்தமே இல்லாத இடம் வருகிறதே, ஏன் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குத் தெளிவான விடை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதலாவதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

கபோனை முதலில் முடித்துவிடலாம். மதுவிலக்கு 1920 ஜனவரியில் தொடங்கி 1933 டிசம்பரில் முடிந்தது. அதில் கபோன் கொடிகட்டிப் பறந்தது 1925-லிருந்து 1931 வரை. 1929 பிப்ரவரி 14 அன்று நார்த் கிளார்க் தெருவில் ஒரு கராஜுக்குள் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள், அது உண்மை. ஆனால் 1920 கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் 27 லட்சம் பேர் இருந்தார்கள். அப்போது அமெரிக்காவில் நியூயார்க்குக்கு அடுத்த பெரிய நகரம் அது. பத்தில் மூன்று பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்: போலந்துக்காரர்கள், ஜெர்மானியர், ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள், இத்தாலியர், செக், லித்துவேனியர். அவர்களில் பெரும்பாலோர் கபோனைப் பத்திரிகையில்தான் பார்த்தார்கள். அவர்களுக்குத் தினமும் தலைக்கு மேல் நின்ற கவலைகள் தண்ணீர், ஐஸ், கரி, டிராம் காசு, வாடகை. இவை ஒவ்வொன்றும் எந்தத் தெருவில் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறின. சிகாகோவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாவி எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நகரம் குடித்தது மிச்சிகன் ஏரித் தண்ணீரை. நகரத்தின் கழிவு போய்ச் சேர்ந்த சிகாகோ ஆறும் அதே ஏரியில்தான் கலந்தது. விளைவு டைபாய்டு. 1891-இல் மட்டும் சுமார் 2,000 பேர் அதில் இறந்தார்கள். இங்கே ஒரு கட்டுக்கதையைத் தள்ளிவைத்துவிட வேண்டும். 1885-இல் பெருமழைக்குப் பிறகு காலரா வந்து 90,000 பேர் செத்ததாகப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மழை பெய்தது நிஜம், அந்தக் கொள்ளைநோய் வரவே இல்லை. மக்களைக் கொன்றுகொண்டிருந்தது வருடா வருடம் ஓயாமல் வந்த டைபாய்டு.

அதற்கு அவர்கள் கண்ட வழி துணிச்சலானது. சுமார் 45 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, ஆற்றை ஏரிக்குப் போகவிடாமல் எதிர்த்திசையில், மிஸிஸிப்பிப் பக்கமாகத் திருப்பினார்கள். கழிவு தங்கள் பக்கம் வருவதைக் கீழே இருந்த செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர்கள் ஏற்கவில்லை. அவர்கள் நீதிமன்றத் தடை வாங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று 1900 ஜனவரி 2 அன்று காலையில் அவசர அவசரமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1906-இல் செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசௌரி மாநிலம் தோற்றது. பிறகு 1912-இலிருந்து ஏரித் தண்ணீரில் குளோரின் கலக்க ஆரம்பித்து, சில வருடங்களில் நகரம் முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் சேர்ந்துதான் டைபாய்டை அடக்கியது.

ஆக, 1920-களின் குடும்பம் குழாயைத் திறந்தால் குளோரின் கலந்த தண்ணீர் வந்தது. ஆனால் வடிகட்டிய தண்ணீர் இல்லை. முதல் பெரிய வடிகட்டும் நிலையம் 1940-களில்தான் வந்தது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கு நடுவே வட்டக் கோட்டைகள் மாதிரி தண்ணீர் எடுக்கும் கட்டடங்கள் நின்றன. அவற்றில் ஆட்கள் வருடம் முழுக்கத் தங்கியிருந்தார்கள். குளிர்காலத்தில் பனிக்கட்டி வந்து வாயை அடைத்துக்கொள்ளும். அதைக் கம்பியால் குத்தியும், தேவைப்பட்டால் வெடி வைத்தும் உடைப்பது அவர்கள் வேலை. நகரத்தில் ஒருவர் காலையில் முகம் கழுவுவதற்காக, ஏரி நடுவே இன்னொருவர் உறைபனியில் நின்றுகொண்டிருந்தார்.

பாலும் இதே கதைதான். நம் ஊரில் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க மாட்டோம். அங்கே பச்சைப்பாலைக் குழந்தைகளுக்கு அப்படியே கொடுத்தார்கள், கோடையில் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தன. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் விற்க வேண்டும் என்று அமெரிக்காவின் பெரிய நகரங்களில் முதலில் சட்டம் போட்டது சிகாகோ, 1908-இல். பால் வியாபாரிகளின் எதிர்ப்பைத் தாண்டி அது முழுமையாக நடைமுறைக்கு வர இன்னும் சில வருடங்கள் பிடித்தன.

சரி, பாலை எங்கே வைத்தார்கள்? ஐஸ் பெட்டியில். மின்சாரக் குளிர்பெட்டி 1920-களில் பணக்காரர் பொருள். மற்றவர்கள் வீட்டில் இருந்தது உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டி. மேலறையில் ஐஸ், கீழே பால், வெண்ணெய், இறைச்சி. உருகிய தண்ணீர் அடியில் ஒரு தட்டில் சேரும், அதைக் கொட்ட மறந்தால் சமையலறைத் தரை முழுக்க ஈரம். ஐஸ்காரர் குதிரை வண்டியில் வருவார். ஜன்னலில் ஒரு சதுர அட்டை தொங்கும், அதன் நாலு ஓரத்திலும் 25, 50, 75, 100 என்று எண்கள். எத்தனை பவுண்டு வேண்டுமோ அந்த எண் மேலே வரும்படி அட்டையைத் திருப்பி வைத்தால் போதும். அவர் தெருவிலிருந்தே பார்த்து, அந்த அளவுக்கு வெட்டி, இடுக்கியால் கவ்வித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்க மரப்படியில் ஏறி வருவார். 50 பவுண்டு என்றால் சுமார் 23 கிலோ. மூன்றாவது மாடி வீடு என்றால் அதைச் சுமந்துகொண்டு அத்தனை படியும் ஏற வேண்டும். மொழி தெரியாத நாட்டுக்கு வந்திறங்கிய பெண்ணுக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய உதவி! ஒரு வார்த்தை பேசாமல் வியாபாரம் முடிந்துவிடும்.

பின்பக்கம் என்றதும் சந்துகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிகாகோவின் பெரும்பாலான வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் ஒரு சந்து ஓடும். இன்றும் அந்தச் சந்துகளைச் சேர்த்தால் சுமார் 3,000 கிலோமீட்டர் வரும். முன்தெரு விருந்தாளிக்கு, சந்து மற்ற எல்லாருக்கும். ஐஸ்காரர், கரிக்காரர், காய்கறிக்காரர், கந்தல் துணியும் பழைய இரும்பும் வாங்குகிறவர், குப்பை வண்டி, எல்லாம் அந்த வழிதான். அந்தக் காலத்துத் தெருவாழ்க்கையைத் தேடுகிறவர்கள் முகப்புப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதிதான் கிடைக்கும்.

கரி விஷயம் கொஞ்சம் கொடுமை. தெற்கு இல்லினாய் சுரங்கங்களிலிருந்து வந்தது மலிவான மென்கரி, அது எரிந்தால் கரும்புகை. வீடு, தொழிற்சாலை, ரயில் என்ஜின், வானளாவிய கட்டடம், எல்லாம் அதைத்தான் எரித்தன. புகையைக் கட்டுப்படுத்த 1881-லேயே சட்டம் போட்ட நகரம் இது, ஆனாலும் காற்று சுத்தமாகவில்லை. ஏரிக்கரை ஓரமாக ஓடிய இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே தன் உள்ளூர் ரயில்களை மின்சாரத்துக்கு மாற்றியது 1926-இல்தான். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி காய்வதற்குள் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். வசந்தம் வந்ததும் திரைச்சீலை, சுவர், கூரை எல்லாவற்றையும் கழுவுவது பெண்களுக்குப் பல நாள் வேலை. ஏழைக் குடும்பங்களில் பிள்ளைகள் வாளியோடு ரயில் பாதையோரம் போய், வண்டிகளிலிருந்து சிந்திய கரியைப் பொறுக்கி வந்தார்கள்.

நகர மையத்தில் இந்தக் கரியைக் கொண்டுபோக வேறு ஏற்பாடு இருந்தது. அதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. தெருவுக்கு 12 மீட்டர் அடியில், களிமண்ணைக் குடைந்து, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை. அதில் இரண்டடி அகலத் தண்டவாளத்தில் குட்டி மின்சார ரயில்கள். கட்டடங்களின் அடித்தளத்துக்கே கரியைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, சாம்பலை அள்ளிக்கொண்டு போகும். பெரிய கடைகளின் சரக்கும் அதிலே போகும். மேலே டிராமுக்கும் குதிரை வண்டிக்கும் காருக்கும் நடுவே ஜனங்கள் முட்டிமோதிக்கொண்டிருக்க, காலுக்கடியில் இது ஓடுவது பலருக்குத் தெரியாது. 1959-இல் கம்பெனி மூடப்பட்டு எல்லாரும் மறந்தே போனார்கள். 1992 ஏப்ரல் 13 அன்று, ஆற்றுப் பாலம் ஒன்றின் பக்கத்தில் நட்டிருந்த தூண்கள் சேதப்படுத்திய சுவர் உடைந்து, ஆற்றுத் தண்ணீர் இந்தச் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. நகர மையத்தின் அடித்தளங்கள் எல்லாம் மூழ்கி, அலுவலகங்களைக் காலி செய்ய வேண்டி வந்தபோதுதான், கீழே இப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது.

அடுத்தது வேலை. சிகாகோவில் எஃகு ஆலை உண்டு, ரயில்வே உண்டு, துணி தைக்கும் கடைகள் உண்டு. ஆனால் நகரத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது இறைச்சி. 1865 கிறிஸ்துமஸ் அன்று திறந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ், நகரத்தின் தெற்குப் பகுதியில் ஒரு தனி ஊர். மேற்கு மாநிலங்களிலிருந்து மாடும் பன்றியும் ஆடும் ரயிலில் வந்து இறங்கும். பக்கத்திலேயே ஆர்மர், ஸ்விப்ட் போன்ற கம்பெனிகளின் அறுப்புக்கூடங்கள். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் அங்கே 40,000-க்கும் அதிகமானவர்கள் வேலை செய்தார்கள்.

பன்றியைப் பின்னங்காலில் சங்கிலி போட்டு மேலே தூக்கினால் அது நகர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு ஆளும் நின்ற இடத்தில் நின்று ஒரே ஒரு வெட்டு மட்டும் போடுவார். காரை இப்படி நகர்த்தி நகர்த்திப் பூட்டலாம் என்ற யோசனைக்கு சிகாகோ இறைச்சிக்கூடமே முன்மாதிரி என்று ஹென்றி போர்டு சொல்லியிருக்கிறார். ஆள் கையில் திறமை இருக்க வேண்டியதில்லை, வேகம் இருந்தால் போதும் என்று ஆனபோது, நேற்று வந்திறங்கியவரையும் இன்று வேலைக்கு எடுக்கலாம், நாளை அனுப்பியும் விடலாம். முதல் உலகப் போருக்கு முன்பு, விடியற்காலையில் வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்க, மேஸ்திரி வந்து 'நீ வா, நீ வா' என்று விரல் நீட்டிப் பொறுக்கியெடுப்பார். மற்றவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். 1918 மார்ச்சில் நீதிபதி ஆல்ஷூலர் மத்தியஸ்தராக இருந்து எட்டு மணி நேர வேலை என்று தீர்ப்புச் சொன்னார். அந்தக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்: அப்பா வீட்டுக்கு வரும்போது குழந்தைகள் விழித்திருப்பார்கள். போர் முடிந்ததும் கூலியைக் குறைத்தார்கள். 1921 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதத்தில் தோற்றது.

இந்தக் கூடங்களை ஒட்டி இருந்த குடியிருப்புக்கு பேக் ஆப் த யார்ட்ஸ் என்று பெயர். ஒரு பக்கம் அறுப்புக்கூடம், ஒரு பக்கம் நகரத்தின் குப்பை கொட்டிய பள்ளங்கள், இன்னொரு பக்கம் கழிவெல்லாம் போய் விழுந்த ஓடை. அதன் அடியில் அழுகியதிலிருந்து வாயு குமிழ் குமிழாக மேலே வரும் என்பதால் அதைக் 'குமிழி ஓடை' என்றே அழைத்தார்கள், அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. ஆற்றைத் திருப்பிக் குடிதண்ணீரைக் காப்பாற்றிய அதே நகரம், இந்த ஓடையைக் கண்டுகொள்ளவில்லை. கழிவு யார் வீட்டு வாசலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவசரம் வந்தது.

வீடுகள் இரண்டு மாடி மரவீடுகள். சம்பளம் போதாது என்பதால் பெண்கள் ஊரிலிருந்து வந்த தனி ஆட்களுக்குப் படுக்க இடம் கொடுத்து, சமைத்துப் போட்டு, துணி துவைத்துக் கொடுத்துக் காசு சேர்த்தார்கள். சில வீடுகளில் ஒரே கட்டிலில் பகல் வேலைக்காரர் இரவிலும், இரவு வேலைக்காரர் பகலிலும் தூங்கினார். இந்த நெரிசலுக்கு நடுவே 1905-இல் கட்டிய டேவிஸ் சதுக்கப் பூங்கா, நீச்சல்குளம், குளியல் வசதி, கூட்டம் போட மண்டபம் எல்லாவற்றோடும் வந்தது. வீட்டில் குளிக்க இடம் இல்லாதவர்களுக்கு அது ஆடம்பரம் அல்ல. வடக்கே ஹால்ஸ்டட் தெருவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-இல் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லம், குழந்தைகள் காப்பகம், இரவுப் பள்ளி, பொதுக் குளியலறை என்று இதே தேவைகளை முன்பே தொட்டிருந்தது.

கொஞ்சம் காசு சேர்ந்ததும் எல்லாரும் ஒரே திசையில் போனார்கள்: வெளியே. 1910-க்கும் 1940-க்கும் இடையில் நகர மையத்தைச் சுற்றி வளைவாக சுமார் 80,000 செங்கல் பங்களாக்கள் எழுந்தன. நம் ஊரில் பங்களா என்றால் செல்வந்தர் மாளிகை. அங்கே அது ஒன்றரை மாடி, குறுகிய முகப்பு, அடித்தளத்தில் கரி அடுப்பு, வீட்டுக்குள்ளேயே குளியலறை கொண்ட தொழிலாளி வீடு. போலந்துக்காரர்களும் செக்குகளும் தங்களுக்குள் வாரா வாரம் பணம் போட்டு, முறைவைத்து வீட்டுக் கடன் கொடுக்கும் சங்கங்கள் வைத்திருந்தார்கள். சீட்டுப் பிடித்து வீடு கட்டிய குடும்பங்களுக்கு இது உடனே புரியும். வாடகையில் இருந்தவர்களுக்கு மே 1, அக்டோபர் 1 என்று இரண்டு நாட்கள் முக்கியம். ஒப்பந்தங்கள் அன்றுதான் முடியும். அன்று நகரம் முழுக்கக் கட்டிலும் மேசையும் வண்டியில் ஏறி வேறு தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வீடு தள்ளிப் போகலாம், ஏனென்றால் டிராம் இருந்தது. 1914-இல் ஒன்றாக்கப்பட்ட சிகாகோ சர்பேஸ் லைன்ஸ் 1,600 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் வைத்திருந்தது. 1920-களில் பெரும்பாலும் கட்டணம் 7 சென்ட், ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் மறுபடி கொடுக்க வேண்டாம். டிராமில் கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தெற்கு மாநிலங்களில் இருந்ததுபோல் தனி இருக்கைச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் இதே டிராம்தான் 1919-இல் மரணப் பொறியானது.

கறுப்பின மக்கள் 1910-இல் இங்கே 44,000 பேர், 1920-இல் 1,09,000, 1930-இல் 2,34,000. ராபர்ட் அபாட் 1905-இல் தொடங்கிய சிகாகோ டிபெண்டர் பத்திரிகை, தெற்கிலே கொலையும் ஒடுக்குமுறையும் தாங்காதவர்களை வடக்கே வரச் சொல்லி எழுதியது. புல்மன் கம்பெனியின் படுக்கை ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் அந்தப் பத்திரிகையைக் கட்டுக் கட்டாகத் தெற்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கையிலிருந்து கைக்கு மாறி, முடிதிருத்தும் கடையிலும் தேவாலயத்திலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். மிஸிஸிப்பியிலிருந்து இல்லினாய் சென்ட்ரல் ரயிலேறினால் சிகாகோவின் 12-ஆம் தெரு நிலையத்தில் இறங்கலாம். இறங்கியவர்களுக்கு வீடு கிடைத்தது ஸ்டேட் தெருவை ஒட்டித் தெற்கே நீண்ட ஒரு குறுகிய பட்டையில் மட்டும். மோசமான வீட்டுக்கு வெள்ளையரைவிட அதிக வாடகை. அந்தப் பட்டையைத் தாண்டி வெளியே வீடு வாங்கினால் வெடிகுண்டு. 1917 ஜூலையிலிருந்து 1921 மார்ச் வரை இப்படி 58 குண்டுவெடிப்புகள் பதிவாகியிருக்கின்றன.

1919 ஜூலை 27, கடும் வெயில் நாள். 29-ஆம் தெரு ஏரிக்கரைப் பக்கம் தண்ணீரில் மிதவையில் போய்க்கொண்டிருந்த 17 வயதுக் கறுப்பினப் பையன் யூஜின் வில்லியம்ஸ், கறுப்பர் பக்கத்தையும் வெள்ளையர் பக்கத்தையும் பிரித்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு எல்லையைத் தாண்டிவிட்டான். கரையிலிருந்து ஒரு வெள்ளையர் கல்லெறிந்தார், பையன் மூழ்கி இறந்தான். எறிந்தவரைக் கைது செய்யப் போலீஸ்காரர் மறுத்ததும் கலவரம் மூண்டது. இறைச்சிக்கூடத்தில் வேலை முடிந்து வெள்ளையர் பகுதிகள் வழியாக வீடு திரும்பிய கறுப்பினத் தொழிலாளிகளை, டிராமை நிறுத்தி இழுத்துப் போட்டு அடித்தார்கள். 38 பேர் இறந்தார்கள், அதில் 23 பேர் கறுப்பர், 15 பேர் வெள்ளையர். காயம்பட்டவர்கள் 500-க்கு மேல். சுமார் 1,000 பேர் வீடிழந்தார்கள். குண்டர் கோஷ்டிகளின் சண்டைக்கு இத்தனை படம் எடுத்தவர்கள், ஒரே வாரத்தில் 38 உயிர் போன இதைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். அதற்குப் பிறகு, வெடிகுண்டு செய்ததைப் பத்திரமே செய்தது. 'இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டேன்' என்ற ஒப்பந்தங்கள் 1920-களின் இறுதியில் தெருத்தெருவாகப் பரவின. நீதிமன்றங்கள் அவற்றை அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-இல்.

அந்த நெருக்கடிப் பட்டைக்குள்ளேயே வங்கி, மருத்துவமனை, தேவாலயம், பத்திரிகை, இசை எல்லாம் வளர்ந்தது. 1922 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ரயிலேறி வந்த ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், கிங் ஆலிவரின் குழுவில் சேர்ந்து வாசித்தது இங்கேதான்.

மதுவிலக்கு சாதாரணக் குடும்பத்தை எப்படித் தொட்டது? முதல் இழப்பு தெருமுனை மதுக்கடை. 5 சென்ட் பீர் வாங்கினால் சாப்பாடு இலவசம். சம்பளக் காசோலையை அங்கே மாற்றலாம், கழிப்பறை உண்டு, பின்னறையில் தொழிற்சங்கக் கூட்டமும் கல்யாண விருந்தும் நடக்கும். குடித்து வீட்டைக் கெடுத்தவர்களும் அங்கேதான் கெடுத்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. சட்டம் வந்ததும் குடி வீட்டுக்குள் வந்தது. இத்தாலியக் குடும்பங்கள் கலிபோர்னியாவிலிருந்து ரயில் பெட்டி பெட்டியாக வந்த திராட்சையை வாங்கி அடித்தளத்தில் ஒயின் போட்டார்கள். சில தெருக்களில் குண்டர்கள் வீட்டுக்கு வீடு சாராயம் வடிக்கும் சட்டி கொடுத்து, காய்ச்சித் தருவதற்குக் கூலியும் கொடுத்தார்கள். ஏழைக் குடும்பத்துக்கும் கபோன் உலகத்துக்கும் இருந்த நிஜமான தொடர்பு பெரும்பாலும் அந்த அடுப்படிதான்.

பொழுதுபோக்கில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பாலபன் - கட்ஸ் நிறுவனத்தார் 1917-இல் மேற்குப் பக்கத்தில் திறந்த சென்ட்ரல் பார்க் தியேட்டரில் இயந்திரத்தால் காற்றைக் குளிர்வித்தார்கள். உலகத்திலேயே அந்த வசதி வந்த முதல் சினிமாக் கொட்டகைகளில் ஒன்று அது. பார்னி பாலபன் அதற்கு முன்பு ஒரு குளிர்கிடங்குக் கம்பெனியில் வேலை பார்த்தவர். இறைச்சி கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டை மனிதர்களுக்குத் திருப்பினார். வீட்டில் மின்விசிறிகூட இல்லாத ஒருவர், சில்லறைக் காசு கொடுத்து இரண்டு மணி நேரம் குளிர்ச்சியில் உட்காரலாம். 1921-இல் சிகாகோ தியேட்டர், 1925-இல் 4,000-க்கு மேல் இருக்கைகளோடு அப்டவுன் தியேட்டர் என்று வரிசையாக வந்தன. கோடையில் தியேட்டரை மூடும் வழக்கம் போய், கோடைதான் கூட்டம் சேரும் காலம் என்று ஆனது. காசில்லாதவர்கள் வெக்கை தாங்காமல் பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு பூங்காவிலும் ஏரிக்கரையிலும் படுத்துக்கொண்டார்கள்.

இப்போது தபால் அட்டைக்கு வருகிறேன். 1909-க்கு முன்பு சிகாகோவில் கதவு எண்ணுக்கு ஒரே முறை இல்லை. நகரம் பக்கத்து ஊர்களை விழுங்கி வளர்ந்ததால், ஒவ்வொரு பகுதியும் தன் பழைய எண்களை வைத்துக்கொண்டது. ஒரே பெயரில் பல தெருக்கள். எட்வர்ட் பால் பிரென்னன் என்ற சாதாரணக் குடிமகன் இதைச் சரிசெய்ய வருடக்கணக்கில் நகரசபையை விடாமல் துரத்தினார். கடைச் சரக்கு கொண்டுபோய்க் கொடுத்தும், பாக்கி வசூலித்தும் அலைந்தவர், முகவரி தப்பினால் என்ன பாடு என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்ன திட்டப்படி ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனை பூஜ்யம். அங்கிருந்து நாலு திசையிலும் ஒரு மைலுக்கு 800 எண்கள். தெருவின் வடக்கு, மேற்குப் பக்கத்து வீடுகளுக்கு இரட்டைப்படை, தெற்கு, கிழக்குப் பக்கத்துக்கு ஒற்றைப்படை. 1909 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. நகர மையத்துக்கு மட்டும் 1911-இல். தெற்கே முதல் மூன்று மைலில் கணக்கு கொஞ்சம் இடிக்கும். 12, 22, 31 என்ற பழைய தெருப் பெயர்களை மாற்றாமல் விட்டதால் வந்த வினை அது.

ஆகவே உங்கள் 1907 அட்டையில் இருப்பது பழைய எண். அந்த மாற்றத்தின்போது வெளியான பழைய எண் - புதிய எண் அட்டவணைப் புத்தகம் இணையத்தில் கிடைக்கிறது. அதில் முதலில் தெருப் பெயரைப் பாருங்கள், பெயரே மாறியிருக்கலாம். பிறகு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் புதிய எண்ணை வைத்துக்கொண்டு 1910, 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் தேடினால், பின்னால் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், எங்கே பிறந்தவர்கள், என்ன வேலை செய்தார்கள், சொந்த வீடா வாடகையா என்பதெல்லாம் தெரியும். நகர விலாசப் புத்தகங்களும் உதவும், ஆனால் 1917 வரைதான் வருடா வருடம் வந்தன. அதற்குப் பிறகு 1923-இலும் 1928-29-இலும் மட்டும் வந்து நின்றுவிட்டன. அட்டையில் இருக்கும் பெயரைத் தேடும்போது எழுத்துக்கூட்டலை ரொம்ப நம்பாதீர்கள். போலந்துப் பெயர்களையும் லித்துவேனியப் பெயர்களையும் கணக்கெடுக்க வந்தவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், அதனால் பெயரைவிட வீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு போவதே நல்லது.